சமத்தை விட்டுப் பிடிக்கும் பேஸ்

பேஸ் கிட்டாரைக் கையில் எடுக்கும் எவருக்கும் முதலில் சொல்லித்தரப்படுவது ஒரே பாடம்தான்: தாளத்தின் முதல் அடியில் கார்டின் ஆதாரச் சுரத்தை அழுத்தமாகப் போட வேண்டும். ராக், டிஸ்கோ, திரையிசை, தேவாலயப் பாட்டு என்று எதை எடுத்தாலும் டிரம்ஸின் கிக்கும் பேஸும் பெரும்பாலும் அந்த இடத்தில் சேர்ந்துதான் இறங்கும். இளையராஜா பாடல்களின் பேஸ் வரிகளைத் தனியாகப் பிரித்துக் கேட்டுப் பழகிய நம் ஊர் இளைஞர்களுக்கு, வரி எவ்வளவு வளைந்து நெளிந்தாலும் அது எங்கே காலூன்றுகிறது என்பது காதில் ஊறிப்போயிருக்கும். சல்சாவுக்கு வந்தால் இந்தப் பாடம் கைகொடுக்காது. அங்கே பேஸ் வாசிப்பவர் முதல் அடியில் சும்மா இருக்கிறார். அந்த அடி வருவதற்கு முன்பே தன் சுரத்தைப் போட்டுவிட்டு, அது விழும் நேரத்தில் எதுவுமே வாசிப்பதில்லை. கற்க வருகிறவர்கள் இதை ஒரு விரல் வித்தையாக நினைத்து, எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எழுதி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள். கைக்கு வந்துவிடும், ஆனால் சல்சா வராது. சல்சா பேஸ் விரலில் தொடங்குவதில்லை, வாயிலும் காலிலும் தொடங்குகிறது. வாத்தியத்தைத் தொடுவது கடைசிக் கட்டமாகவே இருக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க ஸ்பானியச் சொற்களைவிட நம்முடைய ஜதிச் சொற்களே வசதி. 'தகதிமி தகஜுனு' என்ற எட்டு எழுத்துகளை நான்கு அடிகளுக்குள் சீராகச் சொல்லிப் பாருங்கள். 'தக' முதல் அடி, 'திமி' இரண்டாவது, அடுத்த 'தக' மூன்றாவது, 'ஜுனு' நான்காவது. சல்சாவின் அடிப்படை பேஸ் ஓட்டத்துக்கு டும்பாவோ என்று பெயர். அதில் பேஸ் ஒலிப்பது இரண்டே எழுத்துகளில்: 'மி' என்ற இடத்திலும் 'ஜு' என்ற இடத்திலும். தொடக்கத்தில் இருக்கும் 'த' காலி. 'ஜு'வில் எழுந்த சுரம் அடுத்த சுற்றின் 'த'வைத் தாண்டி, 'மி' வரும்வரை நீள்வதாகத்தான் தாளில் எழுதுவார்கள். இப்போது கிளாவே. இரண்டு மரக்குச்சிகளை மோதி எழுப்பும் ஒலிக்கும், அந்த ஒலி காட்டும் இரண்டு சுற்று நீளமுள்ள அமைப்புக்கும் ஒரே பெயர். ஒரு சுற்றில் மூன்று தட்டு: 'த', 'மி', 'ஜு'. மறுசுற்றில் இரண்டு தட்டு: 'தி'யும் நடுவில் வரும் 'த'வும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் விஷயம் தெளிவாகும். மூன்று தட்டு விழும் சுற்றில் பேஸின் இரண்டு சுரங்களும் கிளாவேயின் பின்னிரண்டு தட்டுகளோடு அச்சாகப் பொருந்துகின்றன. இரண்டு தட்டு விழும் சுற்றில் ஒரு சுரம்கூடப் பொருந்துவதில்லை. ஒரே பேஸ் வரி ஒரு சுற்றில் ஒத்துப்போகிறது, மறுசுற்றில் முரண்டு பிடிக்கிறது. ஆளை ஆட வைக்கும் இழுபறி பேஸுக்குள் இல்லை, பேஸுக்கும் கிளாவேக்கும் நடுவில் இருக்கிறது. அதனால்தான் பேஸை மட்டும் தனியாகப் பயின்று என்ன பயன் என்ற கேள்வி எழுகிறது.

இந்தச் சிக்கலின் மேல் இன்னொன்றும் ஏறுகிறது. நான்காம் அடியில் பேஸ் போடுவது நடந்துகொண்டிருக்கும் கார்டின் சுரம் அல்ல, இனி வரப்போகும் கார்டின் சுரம். ஸ, ம, ப, மறுபடி ம என்று சுற்றுக்கு ஒரு கார்டாக மாறும் எளிய ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். கரீபியப் பாட்டுகளில் மிகச் சாதாரணமாக வருவது இது. முதல் சுற்றில் கார்டு ஸ. 'மி'யில் அதன் ஐந்தாம் சுரமான ப. 'ஜு'விலோ அடுத்த கார்டுக்குரிய ம வந்துவிடும். இரண்டாம் சுற்றில் 'மி'யில் மேல் ஸ, 'ஜு'வில் ப. மூன்றாவதில் 'மி'யில் ரி, 'ஜு'வில் ம. நான்காவதில் இரண்டு இடத்திலும் ஸ. முதலாவது ஸ நடக்கும் கார்டின் ஐந்தாம் சுரம், இரண்டாவது ஸ திரும்பி வரப்போகும் கார்டின் ஆதாரம். ஒரே சுரம், ஒன்றரை அட்சரம் கடப்பதற்குள் வேறு வேலைக்கு மாறிவிடுகிறது. கார்டு மாற்றம் ஓர் அடி முன்னதாகவே வந்து விழுவதால் கேட்பவரை யாரோ முன்னே தள்ளுவதுபோல இருக்கும். இந்த முந்தும் பேஸைப் பற்றி இசை ஆய்வாளர் பீட்டர் மானுவல் 1985-இல் தனிக் கட்டுரையே எழுதினார் என்றால், இது ஏதோ ஓர் அலங்காரம் அல்ல, கியூப இசையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் என்று அவர் கருதியதுதான் காரணம்.

இதை மெட்ரோனோமோடு தனியாகப் பயிற்சி செய்பவருக்கு நேர்வது என்ன? மனிதக் காது கனமான சுரத்தைத்தான் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். இந்த ஓட்டத்தில் கனமாக விழுவது நான்காம் அடி. கொஞ்ச நேரம் வாசித்ததும், வாசிப்பவர் அறியாமலே அந்த நான்காம் அடி அவருக்குள் முதல் அடியாக மாறிவிடும். மெட்ரோனோம் எல்லா அடிகளையும் ஒரே மாதிரி தட்டுவதால் அது எச்சரிக்கப் போவதில்லை. விரல்கள் சரியான இடைவெளியில்தான் ஓடும், ஒலிப்பதிவில் பிழை எதுவும் தெரியாது; தாளம் மட்டும் உள்ளே தலைகீழாகப் புரண்டிருக்கும். பாடகர் உள்ளே வரும்போதோ பித்தளை வாத்தியங்கள் ஒரு வெட்டு வெட்டும்போதோதான் குட்டு வெளிப்படும். எழுதி வைத்த வரியைப் பார்த்துக் கற்பதில் இருக்கும் உண்மையான ஆபத்து இது. வரி தப்பு என்பதல்ல. எதற்கு எதிராக அது அமைந்ததோ அந்த இன்னொன்று அந்தத் தாளில் இல்லை.

அந்த இன்னொன்றை வைத்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால் கற்கும் வழியும் தெரிந்துவிடும். பாட்டின் பின்பாதியில், பாடகரும் பின்பாட்டுக்காரர்களும் மாறி மாறிக் கேள்வி பதிலாகப் பாடும் மொந்துனோ பகுதியில், போங்கோ என்ற சிறு இணைமத்தளத்தை வாசிப்பவர் அதைக் கீழே வைத்துவிட்டுக் கம்பானா என்ற பெரிய மணியை எடுத்துக்கொள்வார். அதன் வாய்ப்புறத்தில் அவர் ஓங்கித் தட்டுவது முதல் அடியையும் மூன்றாம் அடியையும். கையால் அடிக்கும் கொங்கா மத்தளத்தில் உள்ளங்கை திறந்து எழுப்பும் இரண்டு ஒலிகள் 'ஜுனு'வில் விழுகின்றன, பேஸின் கனத்த சுரம் முதலாவதோடு கைகோக்கிறது. ஆடுபவர்களோ ஒன்று, இரண்டு, மூன்று என்று அடி வைத்து, நான்கில் காலை நிறுத்துகிறார்கள். அவர்களுடைய கால் ஓயும் இடத்தில் பேஸ் பேசுகிறது, பேஸ் ஓயும் இடத்தில் கால் இறங்குகிறது. கச்சேரியில் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், எடுக்காமல் அரை இடம், முக்கால் இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளைத் தொடையில் தட்டிக் கேட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. பாடகர் சமத்தைத் தொடாமல் விட்டாலும் சபையின் கை அதைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. நம் கச்சேரியில் பாட்டு எங்காவது ஓரிடத்தில் சமத்துக்கு வந்து சேர்ந்துவிடும். சல்சாவில் பேஸ் ஐந்து நிமிடம் ஓடினாலும் அந்த இடத்துக்கு வராமலே இருக்கலாம்.

இப்படி ஓர் ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதும் வாதத்துக்கு உதவும். சல்சா என்ற பெயர் 1970களில் நியூயார்க்கில் பரவியது. ஜானி பச்சேகோவும் ஜெரி மசூச்சியும் 1964-இல் தொடங்கிய ஃபானியா நிறுவனத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதன் எலும்பு கிழக்குக் கியூபாவின் சோன் என்ற கிராமிய இசை. அந்த இசையில் கீழ்ச்சுரத்துக்கு இருந்தவை கிட்டாரும் அல்ல, டபுள் பேஸும் அல்ல. ஒன்று போத்திஹா, வாயால் ஊதி உறுமவைக்கும் மண்ஜாடி. மற்றொன்று மரிம்புலா, முன்பக்கத்தில் உலோக நாக்குகள் பொருத்திய மரப்பெட்டி. வாசிப்பவர் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு அந்த நாக்குகளை விரலால் சுண்டுவார். ஆப்பிரிக்காவின் கட்டைவிரல் பியானோ குடும்பத்தின் வழித்தோன்றல் இது. நாலைந்து நாக்குகளை வைத்துக்கொண்டு நுட்பமான சுருதி விளையாட்டு எதுவும் செய்ய முடியாது; போங்கோவோடு சேர்ந்து அடிக்கும் இன்னொரு தோல்வாத்தியம் போலத்தான் அது ஒலிக்கும். சோன் ஹவானாவுக்கு வந்து டபுள் பேஸ் அந்த இடத்தைப் பிடித்தபோதும் வேலை மாறவில்லை. சோன் இசையின் பெரும்புள்ளியான இக்னாசியோ பிஞேரோ 1927-இல் தன் குழுவைத் தொடங்கியபோது அவரே பேஸ் வாசித்தார். 1940களில் திரெஸ் என்ற கியூபக் கிட்டார் வாசித்த கண்பார்வையற்ற கலைஞர் அர்செனியோ ரோத்ரிகெஸ் கொங்கா, பியானோ, கூடுதல் ட்ரம்பெட்டுகள் சேர்த்துக் குழுவைப் பெருக்கியபோது, ஒவ்வொரு வாத்தியமும் மற்றொன்று விட்ட இடத்தில் நுழையும் பின்னல் இன்னும் இறுகியது. பேஸ் அந்தப் பின்னலில் ஓர் இழை. சுருதி உள்ள மத்தளம் என்று சொன்னால் பாதி சரி.

வாத்தியம் கடைசியில்தான் என்ற என் வாதத்துக்கு முதல் மறுப்பு திறமையின் பக்கத்திலிருந்து வரும். ஹவானாவில் 1918-இல் பிறந்த இஸ்ரேல் லோபெஸ், 'கச்சாவோ' என்று உலகம் அழைத்தவர், இளம் வயதிலேயே ஹவானா ஃபில்ஹார்மோனிக்கில் வாசித்தவர்; வில் போட்டு மேற்கத்திய சாஸ்திரிய இசை வாசித்த கை அது. நியூயார்க்கின் சல் குவேவாஸ் ஃபங்க் பாணியில் கம்பியைக் கட்டைவிரலால் அறைந்தும் சுண்டியும் வாசிக்கும் முறையை ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் மேடைக்குக் கொண்டுவந்தவர். இவர்களெல்லாம் விரல் பலம் இல்லாமலா பெயர் வாங்கினார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் எதிர்ப்பக்கத்தில் பாபி வலன்டீன் நிற்கிறார். புவேர்த்தோ ரிக்கோவைச் சேர்ந்த இவர் தொழிலுக்குள் வந்தது ட்ரம்பெட் கலைஞராக. 1960களில்தான் பேஸுக்கு மாறினார். பிறகு ஃபானியாவின் முக்கியமான இசைக்கோப்பாளர்களில் ஒருவராகி, 'பேஸின் ராஜா' என்ற பட்டத்தோடு வாழ்கிறார். வாத்தியம் புதிது, இசை புதிதல்ல. பல ஆண்டுகள் மேடையில் பேஸுக்கு எதிரே நின்று ஊதியவருக்கு, அது எங்கே விழும் எங்கே விழாது என்பது தெரிந்திருந்தது; ஃப்ரெட் எங்கே என்பது பின்னால் வந்தது. கச்சாவோவுக்கும் குவேவாஸுக்கும் விரல் பலம் ஓர் உபரி. அது இல்லாமல் அவர்கள் அவ்வளவு பெரிய கலைஞர்களாகியிருக்க மாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த பலம் மட்டும் இருந்தால் ஒரு டும்பாவோகூடத் தேறாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. முதல் அடியை விடுவது சட்டமா என்ன? பொலேரோ என்ற மெதுவான காதல் பாட்டுகளில் பேஸ் முதல் அடியில் திடமாக இறங்கும். ஹுவான் ஃபொர்மெல் 1969-இல் லோஸ் வான் வான் குழுவைத் தொடங்கினார். பேஸ் கலைஞரான அவர் உருவாக்கிய சோங்கோ பாணியில் பேஸ் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்வதில்லை, உடைத்துப் போடும். அதன் பிறகு வந்த டிம்பா பாணியில் பேஸ் சில இடங்களில் அடியோடு நின்றேபோகும். கூட்டம் அந்தரத்தில் தொங்கும். ஆக, காலியான முதல் அடியே சல்சா பேஸின் ரகசியம் என்பது மிகையல்லவா? மிகைதான், அதை ஒரு விதியாகச் சொன்னால். ஆனால் கற்கும் வரிசை என்ற அளவில் என் வாதம் இதனால் பலம்தான் பெறுகிறது. பேஸ் எப்போது வேண்டுமானாலும் விலகும், எப்போது வேண்டுமானாலும் திரும்பும் என்றால், அதை வாசிப்பவர் முதல் அடியைத் தன் வாத்தியத்துக்கு வெளியே எங்கோ பத்திரமாக வைத்திருக்க வேண்டும். டும்பாவோ அந்தப் பழக்கத்தைக் கற்றுத்தரும் மிக எளிய வடிவம். அதில் தேறாதவர் டிம்பாவுக்குப் போவது நீச்சல் தெரியாமல் ஆற்றில் குதிப்பதுதான்.

மூன்றாவதாக ஒரு குரல் எப்போதும் கேட்கும்: இதெல்லாம் இரத்தத்தில் வர வேண்டும், பிறந்த மண்ணில் ஆடி வளராதவருக்கு வராது. இந்தக் குரல் தன்னடக்கம்போலத் தோன்றும், உண்மையில் சோம்பலுக்குச் சாக்கு. பிராங்ஸில் வளர்ந்த ஆண்டி கொன்சாலெஸ், அமெரிக்காவுக்கும் கியூபாவுக்கும் உறவு அறுந்திருந்த காலத்தில், பழைய கியூப இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டுத் தன் வாசிப்பை வளர்த்துக்கொண்டார். நியூயார்க்கில் அந்தப் பழைய பாணிக்கு மறுவாழ்வு தந்தவர்களில் அவர் முக்கியமானவர். அவர் புவேர்த்தோ ரிக்கக் குடும்பத்துப் பிள்ளை, அக்கம்பக்கம் முழுக்க அந்த இசைதானே என்று சொன்னால், ஜப்பானுக்குப் போகலாம். டோக்கியோவில் 1984-இல் உருவான ஒர்கெஸ்தா தெ லா லுஸ், ஜப்பானியர்களே கூடி ஸ்பானிய மொழியில் சல்சா பாடிய குழு. 1990-இல் அவர்களுடைய இசைத்தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை லத்தீன் வெப்பமண்டல இசைக்கென்று வெளியிடும் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வாங்கியவர்கள் அந்த இசையில் ஊறியவர்கள்தான். தாளம் புரண்டிருந்தால் முதல் பாட்டிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். மண்ணில் பிறப்பது ஒரு வசதி, அவ்வளவுதான்: அங்கே குழந்தை பேசக் கற்கும்போதே ஆடவும் கற்றுவிடுவதால், வாத்தியம் கைக்கு வரும் முன்பே முதல் அடி காலுக்குள் போய்விடுகிறது. வெளியே இருப்பவர் அதே வரிசையைத் தெரிந்தே கடைப்பிடிக்க வேண்டும்.

அப்படியானால் பயிற்சி எப்படி இருக்கும்? கிட்டார் பெட்டியிலேயே இருக்கட்டும். நின்றுகொண்டு முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் இடது வலதாகக் காலை மாற்றி மாற்றி வைத்துத் 'தகதிமி தகஜுனு'வை முழுதாகச் சொல்ல வேண்டும். பிறகு 'மி'யையும் 'ஜு'வையும் மட்டும் வாய்விட்டுச் சொல்லி மற்றதை மனதுக்குள் ஓடவிட வேண்டும். கால் நிற்கக் கூடாது. அது நிலைத்ததும் கையால் கிளாவே தட்டலாம். முதலில் மூன்று தட்டுச் சுற்றில் தொடங்கி, அடுத்த நாள் இரண்டு தட்டுச் சுற்றில் தொடங்கி. இந்த இடத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கால் பேஸோடு சேர்ந்துகொண்டு நழுவும். அது விரல் செய்யும் தப்பல்ல என்பதும் அப்போது கண்கூடாகத் தெரியும், வாத்தியமே கையில் இல்லையே. இதன் பிறகு ஒரே கம்பி, ஒரே சுரம். அடுத்து ஆதாரமும் ஐந்தாம் சுரமும். கார்டு மாற்றம் கடைசியில். கார்லோஸ் தெல் புவேர்த்தோ எழுதிய கியூப பேஸ் பாடநூல்போல நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. அவை பயன்படுவது இந்தக் கட்டத்திலிருந்துதான். நடுவில் யாரையாவது பக்கத்தில் நிறுத்தி, அவர் எதிர்பாராமல் 'எங்கே ஒன்று' என்று கேட்டதும் வாசிப்பை நிறுத்தாமல் முதல் அடியில் குரல் கொடுக்க முடிகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. முடியாவிட்டால் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடலாம்.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாளில் சுரம் நீண்டிருந்தாலும் காதில் அது 'தும்' என்று எழுந்து சீக்கிரம் அடங்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஆம்பெக் நிறுவனம் பிளாஸ்டிக் உடலோடு வெளியிட்ட 'பேபி பேஸ்' என்ற நின்று வாசிக்கும் மின்வாத்தியம் ராக் குழுக்களிடம் எடுபடவில்லை. சல்சாக்காரர்கள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அந்த உருண்டையான, சட்டென்று தணியும் ஒலி. சாதாரண பேஸ் கிட்டாரிலும் பாலத்துக்கு அருகே கம்பிகளுக்கடியில் சிறு ஸ்பாஞ்சுத் துண்டு செருகியோ, உள்ளங்கை ஓரத்தைக் கம்பியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் வாசித்தோ கிட்டத்தட்ட அதைக் கொண்டுவரலாம். மணிபோல ரீங்கரிக்கும் சுரம் காலியிடத்தை அடைத்துவிடும். அப்புறம் முதல் அடியை விட்டும் பயனில்லை.

கச்சாவோ 1957-இல் ஹவானாவில், இரவுக் கேளிக்கை விடுதிகளில் வேலை முடிந்து வந்த கலைஞர்களைக் கூட்டி, விடியும் நேரத்தில் பதிவுசெய்த தெஸ்கார்கா என்ற கூட்டு வாசிப்புகள் கேட்கக் கிடைக்கின்றன. கற்பவர் அவற்றைக் கேட்கும்போது பேஸின் ஜாலங்களை மட்டும் துரத்தாமல், ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் ஓரங்களைக் கவனிக்கலாம். சல்சாவில் குழு முழுவதும் ஒரு வெட்டில் நின்று, மறுபடி டும்பாவோ புதிதாகப் புறப்படும்போது, முந்திப் போட முன்னே ஒரு சுற்று இருக்காது. அப்போது பேஸ் கலைஞர்கள் பலர் முதல் சுற்றில் மட்டும் 'த'விலேயே சுரத்தை இறக்கிவிட்டு, அடுத்த சுற்றிலிருந்து வழக்கம்போல விலகிக்கொள்வார்கள்.